ஜவானிலிருந்து அதிகாரி: ஏ.சி.சி.யா, எஸ்.சி.ஓ.வா, சி.டி.எஸ்.ஸா?

வியாசர்பாடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 2019-ல் ராணுவத்தில் ஜி.டி. (பொதுப் பணி) ஜவானாகச் சேர்ந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர், இப்போது இக்னோவில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. வயது 25. அதிகாரியாக வேண்டும் என்று ஆசை. அதற்கு ஜவான்களுக்கென்று ஏ.சி.சி. (ஆர்மி கேடட் காலேஜ்), எஸ்.சி.ஓ. (ஸ்பெஷல் கமிஷன்ட் ஆபீசர்) என்று இரண்டு வழிகளும், பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு) என்ற வழியும் உண்டு. "ஏ.சி.சி. எழுதப் போகிறேன் என்றால் யூனிட்டில் சீனியர்கள் தடுக்கிறார்கள். நாலு வருஷம் வீணாகும், 28 வயது வரை பொறுத்து எஸ்.சி.ஓ. எழுது, ஒரே வருஷத்தில் ஸ்டார் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். வீட்டிலோ டிகிரியை முடித்து சி.டி.எஸ். எழுதச் சொல்கிறார்கள். பேசாமல் சர்வீஸை ஓட்டி சுபேதார் ஆகிவிடலாமா என்றும் தோன்றுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?" என்பது கேள்வி. கூடவே, கல்லூரி முதலாண்டு படிக்கும் தன் தம்பி அக்னிவீரில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் ராணுவக் கல்விப் பிரிவில் ஜே.சி.ஓ.வாக (ஜவானுக்கும் அதிகாரிக்கும் நடுவில் உள்ள சுபேதார் நிலை) இருந்து ஓய்வு பெற்றவன். ஏ.சி.சி.க்கும் எஸ்.சி.ஓ.வுக்கும் பையன்களைத் தயார்ப்படுத்துவது என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது. இப்போது தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: ஏ.சி.சி. எழுதுங்கள், அதுவும் வருகிற முதல் வாய்ப்பிலேயே எழுதுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சீனியர்கள் சொல்லும் அந்த 'நாலு வருஷம் வீண்' என்ற கணக்கு தப்பு.

முதலில் வீட்டில் சொல்வதை எடுத்துக்கொள்வோம். சி.டி.எஸ். நல்ல வழிதான். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. டேராடூன் ஐ.எம்.ஏ.வுக்கு (இந்திய ராணுவ அகாடமி) ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என்று மூன்று தாள்; நம் பரங்கிமலை ஓ.டி.ஏ.வுக்குக் (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) கணிதம் கிடையாது, இரண்டே தாள். ஆனால் ஐ.எம்.ஏ.வுக்கு உச்ச வயது 24, ஓ.டி.ஏ.வுக்கு 25. பயிற்சி தொடங்கும் காலத்தை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள். நீங்கள் டிகிரி முடிப்பதற்குள் 26 தாண்டிவிடும். அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது, அதை நினைத்து மனதைப் போட்டு உழப்ப வேண்டாம். இதைப் படிக்கும் வேறு யாராவது 21, 22 வயதில் டிகிரியோடு ஜவானாக இருந்தால், சி.ஓ.வுக்கு (யூனிட்டின் தலைமை அதிகாரி) எழுத்தில் தெரிவித்துவிட்டு உடனே விண்ணப்பியுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓ.டி.ஏ. வழியாகக் கிடைப்பது குறுகிய காலக் கமிஷன் (கமிஷன் என்றால் அதிகாரிப் பதவி). பத்து ஆண்டு, வேண்டுமானால் இன்னும் நான்கு ஆண்டு. நிரந்தரக் கமிஷனுக்குத் தேர்வாகாவிட்டால் அந்தக் காலத்துக்கென்று பென்ஷன் இல்லை. ஏற்கெனவே சில ஆண்டு ஜவானாக இருந்தவர், அந்த சர்வீஸ் எப்படிக் கணக்கில் வரும் என்பதை ரெக்கார்ட்ஸ் ஆபீஸிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவெடுப்பது நல்லது. பி.இ. முடித்த ஜவான்களுக்கு 27 வயது வரை டெக்னிக்கல் நுழைவு இருக்கிறது, அதற்கு எழுத்துத் தேர்வே கிடையாது.

சரி, இப்போது ஏ.சி.சி.யா எஸ்.சி.ஓ.வா என்ற கேள்விக்கு வருவோம்.

ஏ.சி.சி.க்கு வயது 20 முதல் 27 வரை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் குறைந்தது இரண்டு ஆண்டு சர்வீஸும் வேண்டும். எழுத்துத் தேர்வு, பிறகு எஸ்.எஸ்.பி. (அதிகாரியாகும் தகுதியைப் பார்க்கும் ஐந்து நாள் தேர்வு), பிறகு மெடிக்கல். தேர்வானால் டேராடூனில் ஐ.எம்.ஏ. வளாகத்திலேயே உள்ள ஏ.சி.சி. பிரிவில் மூன்று ஆண்டு படிப்பு. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. அறிவியலோ கலையோ எடுக்கலாம். அதன் பிறகு ஐ.எம்.ஏ.வில் ஓராண்டு, என்.டி.ஏ.விலிருந்து (பள்ளி முடித்ததும் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி) வந்தவர்களோடும் சி.டி.எஸ்.ஸில் வந்தவர்களோடும் ஒரே பயிற்சி. வெளியே வரும்போது நிரந்தரக் கமிஷன், லெப்டினன்ட்.

எஸ்.சி.ஓ.வுக்கு வயது 28 முதல் 35 வரை, ஐந்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். இதற்கும் எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி.யும் உண்டு. பயிற்சி ஓராண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கு நான்கு என்றுதான் தோன்றும்.

இப்போது உங்கள் வயதை வைத்துப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு 25. எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி., மெடிக்கல் எல்லாம் முடிய ஓராண்டு வைத்துக்கொண்டால் 26-ல் ஏ.சி.சி. உள்ளே போகிறீர்கள். 29-ல் பட்டம். 30-ல் கமிஷன். எஸ்.சி.ஓ. வழியில், 28 வரை காத்திருக்கிறீர்கள். அதே ஓராண்டு தேர்வுக்குப் போகிறது, 29. பயிற்சி முடிந்து கமிஷன், 30. இரண்டு வழியிலும் தோளில் ஸ்டார் ஏறுவது ஒரே வயதில்தான்! ஒரு வழியில் அந்த நான்கு ஆண்டும் படிப்பிலும் பயிற்சியிலும் போகிறது, கையில் பட்டம் இருக்கிறது. இன்னொரு வழியில் மூன்று ஆண்டு காத்திருப்பில் போகிறது. இதில் எது வீண் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதோடு இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. ஏ.சி.சி.யில் இப்போது முயன்று கிடைக்காமல் போனால், 28-ல் எஸ்.சி.ஓ. அப்படியே காத்திருக்கும். அப்போது உங்களுக்கு எஸ்.எஸ்.பி. என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் எஸ்.சி.ஓ.வுக்காகக் காத்திருந்துவிட்டு, அது கைகூடாமல் 29 வயதில் ஏ.சி.சி.க்குத் திரும்பி வர முடியாது. முன்னால் மூடும் கதவை முன்னால் தட்டுங்கள். சீனியர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களில் பலர் 28 தாண்டிய பிறகுதான் இந்த வழிகளைப் பற்றியே கேள்விப்பட்டிருப்பார்கள், அவர்களுக்கு எஸ்.சி.ஓ.தான் சரியான வழி. அதையே உங்களுக்கும் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைத் தாண்டியும் நான் ஏ.சி.சி.யைச் சொல்வதற்குக் காரணம் அந்த மூன்று ஆண்டுப் படிப்புதான். ஜவானாக இருந்தவனுக்கு ஆயுதமும் டிரில்லும் கற்றுத்தர வேண்டியதில்லை, பல என்.டி.ஏ. கேடட்களைவிட நன்றாகவே தெரியும். குறைவது வேறு. பக்கம் பக்கமாகப் படித்து அதன் சாரத்தைப் பிழிந்து சொல்வது, தனக்குப் பிடிக்காத கருத்தையும் முழுதாகக் கேட்டுப் பதில் சொல்வது, மேஜையின் எதிரே கர்னல் உட்கார்ந்திருந்தாலும் 'சார், நான் வேறு மாதிரி நினைக்கிறேன்' என்று நிதானமாகச் சொல்வது. சிப்பாயாக இருக்கும் ஆண்டுகளில் இதையெல்லாம் பழகும் வாய்ப்பு குறைவு. இவை ஓராண்டில் வருவதில்லை. வடசென்னையில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு 18 வயதில் பாரக்குக்குப் போன பையனுக்கு, நல்ல நூலகமும் ஆசிரியர்களும் உள்ள ஓர் இடத்தில் மூன்று ஆண்டு உட்கார்ந்து படி என்று அரசாங்கம் சொல்கிறது. இந்த வாய்ப்பை வீண் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

30-ல் கமிஷன் என்றால் அதற்கு மேல் என்ன? நிரந்தரக் கமிஷன் அதிகாரிக்கு இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர், பதின்மூன்று ஆண்டில் லெப்டினன்ட் கர்னல்; இவை தேவையான தேர்வுகளை முடித்தால் காலக்கணக்கில் வருபவை. அதாவது 36-ல் மேஜர், 43-ல் லெப்டினன்ட் கர்னல். கர்னல் பதவிக்குத் தேர்வுக் குழு உண்டு, வயது உங்களுக்குக் கொஞ்சம் எதிராகத்தான் இருக்கும். 22 வயதில் வந்தவரோடு 30 வயதில் வந்தவர் போட்டியிடும்போது மேலே ஏறும் படிகள் குறைவு. இதை ஏற்றுக்கொண்டு போங்கள். சம்பளத்தில் சிப்பாயின் அடிப்படை 21,700, லெப்டினன்டின் அடிப்படை 56,100. ராணுவச் சேவைப் படி சிப்பாய்க்கு 5,200, அதிகாரிக்கு 15,500. இது ஏழாவது ஊதியக் குழுக் கணக்கு. ஆனால் ஏ.சி.சி.யில் இருக்கும்போது எல்லைப் பகுதியில் கிடைத்த படிகள் இருக்காது, கைக்கு வருவது குறையும். வீட்டில் தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் தவணை என்று ஏதாவது இருந்தால் முன்கூட்டியே அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பாதியில் வீட்டுக் கவலை வந்து படிப்பைக் கெடுத்துக்கொண்ட நல்ல பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுபேதார் ஆவது பற்றி. அதைக் குறைவாக நினைத்துக் கேட்டிருந்தால் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியை (யூனிட்டின் ஒரு பிரிவு) தாங்கிப் பிடிப்பது சீனியர் ஜே.சி.ஓ.தான். புதிதாக வரும் லெப்டினன்ட் சாப் அவரிடம்தான் பாதி வேலையைக் கற்கிறார். சர்வீஸின் கடைசியில் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பட்டமும் சிலருக்குக் கிடைக்கும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அறிவிப்பார்கள். 1987-ல் சியாச்சினில் எதிரியின் நிலையைப் பிடித்துப் பரம்வீர் சக்ரா வாங்கிய பானா சிங், நாயப் சுபேதாராக இருந்து அதைச் செய்தவர். கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றார். ஆனால் அந்தப் பட்டம் மரியாதை. கம்பெனியை நடத்தும் அதிகாரமும் முடிவெடுக்கும் பொறுப்பும் வேண்டும் என்றால் அது வேறு வழி. உங்களுக்கு எது வேண்டும் என்பதை நீங்கள்தான் உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் சர்வீஸ் ஆன மூத்தவர்களுக்கு பி.சி. எஸ்.எல். (நிரந்தரக் கமிஷன், சிறப்புப் பட்டியல்) என்று இன்னொரு வழி உண்டு. அது உங்களுக்கு இப்போது தேவையில்லை.

எஸ்.எஸ்.பி. பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும். நம் பையன்கள் எழுத்துத் தேர்வைத் தாண்டிவிடுகிறார்கள், இங்கேதான் திரும்பி வருகிறார்கள்.

ஐந்து நாள் நடக்கும். முதல் நாளே அறிவுத்திறன் தேர்வும், மங்கலான ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதவைத்து அதைக் குழுவாகப் பேசவைப்பதும். அதிலேயே நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மீதிப் பேருக்கு உளவியல் தேர்வுகள்: பன்னிரண்டு படங்களுக்குக் கதை, கடைசியில் காட்டுவது வெற்றுப் பலகை, 15 விநாடிக்கு ஒரு சொல் வீதம் 60 சொற்கள், அரைமணி நேரத்தில் 60 சூழ்நிலைகள், உன்னைப் பற்றி நீயே எழுது என்று ஒன்று. அப்புறம் மைதானத்தில் குழுப் பணிகள், நேர்முகம், கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் ஒன்றாக உட்காரும் கான்ஃபரன்ஸ். மூன்று பேர் தனித்தனியாக உங்களைப் பார்க்கிறார்கள். மூவரும் பார்த்தது ஒரே ஆளாக இருக்க வேண்டும். அதனால்தான் மனப்பாடம் செய்த கதைகள் எடுபடுவதில்லை. கதையில் வீரனாக எழுதிவிட்டு மைதானத்தில் ஓரமாக நின்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜவானுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. உத்தரவுக்குக் காத்திருக்கும் பழக்கம். குழுப் பணியில் பலகையும் டிரம்மும் கயிறும் கொடுத்து, தாண்டு என்று சொல்லிவிட்டு அதிகாரி விலகி நிற்பார். யாராவது சொல்லட்டும் என்று நம் பையன் அட்டென்ஷனில் நிற்பான். பலசாலி, உழைப்பாளி, ஆனால் வாயைத் திறக்க மாட்டான். வியாசர்பாடியில் கால்பந்து ஆடியவர் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மைதானத்தில் 'பாஸ் கொடு, அங்க போ' என்று கத்தத் தெரிந்த அந்தப் பையனை எஸ்.எஸ்.பி.க்கு அழைத்துப் போங்கள். அங்கே யாரும் உங்கள் ரேங்கைப் பார்ப்பதில்லை. மார்பில் ஒரு எண் மட்டும் இருக்கும்.

நேர்முகத்தில் ஊரைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். வடசென்னை என்று சொல்லக் கூச்சப்பட்டு 'சென்னை, சார்' என்று நிறுத்திக்கொள்கிற பையன்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் ஊரைப் போலப் பேச விஷயம் உள்ள ஊர் குறைவு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டது துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல். ராணுவ அதிகாரி ஒருவர் இதைக் கேட்டால் அடுத்த பத்து நிமிடம் கடற்கரைப் பாதுகாப்பைப் பற்றியே பேசலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து மீனவர்களின் வலையும் படகும் நாசமானது. அதை எப்படிக் கையாண்டிருக்கலாம் என்று கேட்டால் உங்களுக்கென்று ஒரு யோசனை இருக்க வேண்டும். திட்டுவதோ புகழ்வதோ போதாது. என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, நான் அங்கே பொறுப்பில் இருந்தால் முதலில் எதைச் செய்திருப்பேன் என்று வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள்.

ஆங்கிலம். ஆறு ஆண்டு பாரக்கில் இருந்ததால் இந்தி நன்றாக வந்திருக்கும், பள்ளியில் படித்த கொஞ்ச ஆங்கிலமும் அதற்குள் கரைந்திருக்கும். இலக்கணப் புத்தகத்தைத் திரும்ப எடுப்பதைவிட தினமும் மூன்று நிமிடம் ஒரு தலைப்பில் நின்றபடி பேசுங்கள். எஸ்.எஸ்.பி.யில் லெக்சரெட் என்று இருப்பதே அதுதான். கேட்க ஒரு ஆள் இருக்கட்டும், பாரக்கில் பக்கத்துக் கட்டில்காரனாக இருந்தாலும் போதும். தப்புத் தப்பாக ஆனாலும் நிற்காமல் பேசுவது முதலில் வரட்டும், திருத்தம் பிறகு வரும். லீவில் வந்தால் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தில் படிக்க இடம் இருக்கிறது, கன்னிமாரா நூலகமும் தூரமில்லை. வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும்போது படிக்க முடியவில்லை என்று கவலைப்படாமல் அங்கே போய் உட்காருங்கள்.

உங்கள் தம்பி விஷயம். அக்னிவீருக்குக் குறைந்தது பதினேழரை வயது ஆகியிருக்க வேண்டும். நான்கு ஆண்டு. முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். பென்ஷன் இல்லை. வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டிய நிலை இல்லாவிட்டால், அதிகாரியாகும் ஆசையும் இருந்தால், அவர் கல்லூரியை விடக் கூடாது. கல்லூரி என்.சி.சி.யில் சேரட்டும். சி சான்றிதழும் டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால் 25 வயது வரை என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. போகலாம். கடைசி ஆண்டிலேயே சி.டி.எஸ்.ஸும் எழுதலாம். அண்ணன் ஜவான் என்பதால் தம்பியும் அதே வழியில்தான் வர வேண்டும் என்பதில்லை. அவருக்கு இப்போது வயது இருக்கிறது. இதே 25-ல் வந்து அவர் என்னைக் கேட்டால் இத்தனை வழிகளைச் சொல்ல முடியாது.

கடைசியாக, பையன்கள் அசட்டையாக விட்டுவிட்டு விண்ணப்பம் திரும்பி வரும் ஒரு விஷயம்: பெயர். நமக்கு இனிஷியல் முன்னால், வடக்கே அப்பா பெயர் பின்னால். மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி, சேரும்போது போட்ட பதிவில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. பிறந்த தேதியும் அப்படியே. யூனிட் கிளார்க்கிடம் சொல்லி உங்கள் பதிவை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பார்ட் டூ ஆர்டரில் (யூனிட்டின் அதிகாரபூர்வப் பதிவு) ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சான்றிதழில் திருத்தமோ உண்மைத்தன்மைச் சான்றோ வேண்டும் என்றால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வளாகத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டியிருக்கும். அது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, அடுத்த லீவின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். மெடிக்கல் கேட்டகரி ஷேப்-1 (முழு உடல் தகுதி) ஆகவே இருக்கட்டும், ரெட் இங்க் என்ட்ரி (தண்டனைப் பதிவு) எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சி.ஓ. சிபாரிசு செய்ய வேண்டும். அதனால் லீவு முடிந்து போனதும் கம்பெனி கமாண்டரிடம் நேரில் இன்டர்வியூ கேட்டு, ஏ.சி.சி. எழுத விரும்புகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கையில் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.